சொல்லால் ஆண்ட துறவி

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்குப் பூந்தமல்லியைத் தாண்டியதும் நசரத்பேட்டை வருகிறது. அதை அடுத்துச் செம்பரம்பாக்கம். சாலைக்குத் தெற்கே கடல்போல் விரிந்து கிடக்கிறது ஏரி. 24 அடி நீர் நின்றால் நிறைந்ததாகக் கணக்கு. இன்னும் மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். தெற்கே திரும்பினால் ஒரகடம். இந்த வட்டாரம் முழுவதும் இன்று தொழிற்சாலைகள். விடியற்காலையில் முறை வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. ஒரே வாயிலுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நுழைகிறார்கள். யார் எங்கே நிற்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் ஒரு வேளை தவறினாலும் வேலை நின்றுபோகும்.

பல பேரைச் சொல்லால் சேர்த்து நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையோரத்து ஊர்களில் பிறந்த சிலர், திருவரங்கம் என்னும் பெரிய கோயில் ஸ்தாபனத்தை ஏற்று நடத்தினார்கள். அவர்களுடைய தலைவர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். இளமையில் அவருக்கு வழிகாட்டிய பெரியவர் பூந்தமல்லிக்காரர். அவருக்கு வலக்கையாக நின்ற சகோதரி மகன் நசரத்பேட்டையில் பிறந்தவர். அவர் உயிரைக் காப்பாற்றிய சிற்றன்னை மகன் ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே மதுரமங்கலத்தைச் சேர்ந்தவர். அந்தத் தலைவரை வைணவ உலகம் உடையவர் என்றும், எம்பெருமானார் என்றும், யதிராஜர் என்றும் அழைக்கிறது. உலகம் அறிந்த பெயர் ஸ்ரீ ராமாநுஜர்.

அவருடைய தத்துவத்தைப் பற்றிப் பெரிய நூல்கள் உண்டு. அவர் ஒரு நிர்வாகி என்பதையும், அந்த நிர்வாகத்தில் அவர் கையாண்ட ஒரே ஆயுதம் சொல் என்பதையும் அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

எதிர்த்துப் பேசிய மாணவன்

1017-ம் ஆண்டு, பிங்கள வருஷம், சித்திரைத் திருவாதிரையில் ராமாநுஜர் பிறந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி, தாய் காந்திமதி. தாய்மாமன் பெரிய திருமலை நம்பி குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயர் வைத்தார். மறைந்தது 1137-ல் என்பது மரபு. 120 வயதுக் கணக்கைச் சரித்திர ஆராய்ச்சியாளர்களில் பலர் ஒப்புவதில்லை. பிறப்பைப் பின்னுக்குத் தள்ளிக் கணக்கிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர் வாழ்ந்த காலமும் செய்த வேலையும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை.

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் நடந்து போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூரில் அவரைச் சிறுவன் இளையாழ்வார் சந்தித்ததாகச் சொல்வதுண்டு. நம்பிகள் வைசிய குலத்தவர். வேதியர் வீட்டுப் பிள்ளை அவருடைய கால்களைப் பிடிக்க விரும்பியது அந்த நாளில் சிறிய விஷயமல்ல.

தந்தை காலமான பிறகு குடும்பம் காஞ்சிக்குப் பெயர்ந்தது. ராமாநுஜர் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் பண்டிதரிடம் வேதாந்தம் படிக்கச் சேர்ந்தார். ஆசிரியர் பேரறிஞர். ஆனால் அவருடைய பாடசாலையில் சொல் ஒரு திசையில்தான் ஓடியது. ஆசிரியர் சொல்வார், மாணவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். உபநிஷத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் கூறிய பொருளைக் கேட்டு ராமாநுஜர் கண்ணீர் விட்டார். காரணம் கேட்டபோது வேறு பொருள் சொன்னார். இப்படி ஒரு முறையல்ல, பல முறை நடந்தது. மாணவனை வாதத்தில் அடக்க முடியாத ஆசிரியர், காசி யாத்திரை என்று பெயர் பண்ணி அழைத்துப்போய் வழியில் தீர்த்துவிட எண்ணினார் என்பது வரலாறு.

கூடவே வந்த சிற்றன்னை மகன் கோவிந்தனுக்கு அந்த ஏற்பாடு தெரிந்துவிட்டது. விந்தியக் காட்டில் தனியாக இருந்த நேரம் பார்த்து அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, ஓடிவிடும்படி கூறினார். ராமாநுஜர் இரவோடு இரவாகப் பிரிந்து, வேடுவத் தம்பதியரின் துணையால் காஞ்சி வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் எம்பார் என்று புகழ் பெற்றவர் இந்தக் கோவிந்தன்தான்.

மறுத்துச் சொன்னதற்காக உயிர் போக இருந்தது. ஒருவர் தக்க சமயத்தில் காதோடு காதாகச் சொன்ன சொல்லால் உயிர் நின்றது. இருபது வயதுக்குச் சற்று முன்பின்னாக நேர்ந்த இந்த அனுபவத்தை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து பேரிடம் பிரிந்து கிடந்த செல்வம்

திருவரங்கத்தில் அப்போது வைணவத் தலைவராக இருந்தவர் ஆளவந்தார். காஞ்சிக்கு வந்தபோது ராமாநுஜரைத் தூரத்திலிருந்தே பார்த்து, தமக்குப் பின் இவரே என்று மனத்தில் குறித்துக்கொண்டவர். ஆனால் அதை இளைஞரிடம் நேரில் சொல்லவில்லை. உடல் தளர்ந்த பிறகே அழைத்துவரப் பெரிய நம்பியை அனுப்பினார். இருவரும் காவிரிக் கரையை அடைந்தபோது ஆளவந்தாரின் இறுதி ஊர்வலம்தான் எதிர்ப்பட்டது. திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. நிறைவேறாத மூன்று ஆசைகள் அவை என்று உணர்ந்து, அவற்றை முடிப்பதாக ராமாநுஜர் உறுதி கூற, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்கிறது வரலாறு. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதுவது அவற்றில் முதன்மையானது.

காஞ்சிக்குத் திரும்பியவருக்கு மனத்தில் சில ஐயங்கள். திருக்கச்சி நம்பிகள் பெருமாளிடம் கேட்டு ஆறு வார்த்தைகளாக விடை கொண்டுவந்து கொடுத்தார். அவற்றில் ஒன்று, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பது. ராமாநுஜர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவரை அழைத்துவரத் திருவரங்கத்திலிருந்து பெரிய நம்பி புறப்பட்டார். இருவரும் மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கோயிலில் சந்தித்தார்கள். காஞ்சிக்குப் போய்ச் செய்துகொள்ளலாமே என்று பெரிய நம்பி சொல்லியும் ராமாநுஜர் காத்திருக்க மறுத்தார். ஆளவந்தாரைக் காணச் சில நாழிகை தாமதித்ததன் விலை அவருக்குத் தெரியும். அங்கேயே மகிழ மரத்தடியில் உபதேசம் நடந்தது.

இல்லற வாழ்வு நீடிக்கவில்லை. மனைவி தஞ்சமாம்பாளுக்கும் கணவருக்கும் மனம் ஒத்துப்போகவில்லை. திருக்கச்சி நம்பிகள் உண்ட இடத்தை அம்மையார் தீட்டென்று கருதிக் கழுவினார். கிணற்றடியில் பெரிய நம்பியின் மனைவியோடு குடம் பட்டதற்காகச் சண்டையிட்டார். பெரிய நம்பி சொல்லிக்கொள்ளாமலே ஊரை விட்டுப் போனார். மாமனார் எழுதியது போல ஒரு கடிதம் தயாரித்து மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டு ராமாநுஜர் துறவு பூண்டார் என்று சில வரலாறுகள் சொல்கின்றன. அது உண்மையானால், சொல்லை நேர்மையாகக் கையாண்ட அந்த நீண்ட வாழ்க்கையில் இது ஒன்றே பொருந்தாத செய்கை. அந்த அம்மையாரின் பக்கத்தை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை.

திருவரங்கத்துக்கு வந்து தலைமை ஏற்றவருக்கு முதலில் தெரிந்த உண்மை இது: ஆளவந்தார் தம் செல்வத்தை ஒரே பெட்டியில் வைத்துவிட்டுப் போகவில்லை. ஐந்து சீடர்களிடம் ஐந்து பகுதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். பெரிய நம்பியிடம் ஒன்று. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரங்களின் உட்பொருள். திருமாலையாண்டானிடம் திருவாய்மொழியின் பொருள். திருவரங்கப் பெருமாள் அரையரிடம் ஒரு பகுதி. திருமலையில் இருந்த தாய்மாமன் பெரிய திருமலை நம்பியிடம் ராமாயணம். ஒரு ஸ்தாபனத்தின் இரகசியங்கள் ஐந்து பேர் நெஞ்சில் தனித்தனியாக இருந்தால் அவற்றைத் திருடுவது கடினம்தான். ஐவரில் ஒருவர் மனம் கோணினால் ஒரு பகுதி அடியோடு போய்விடும் என்பதும் உண்மை. தலைவர் என்ற பட்டம் கிடைத்த பிறகும் ராமாநுஜர் ஐந்து வாசல்களில் மாணவராகப் போய் நின்றார்.

பதினெட்டு நடை

திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்குப் பக்கம். மந்திரத்தின் உட்பொருளைப் பெற ராமாநுஜர் அங்கே 18 முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் நம்பி இன்னும் காலம் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

நம்பியைக் கொடியவராக நினைப்பது தவறு. ஓராண்வழி என்பது அன்றைய முறை. ஆசிரியர் ஒருவர், தகுதியைச் சோதித்து, மாணவர் ஒருவருக்குச் சொல்வார், அவர் இன்னொருவருக்கு. சொல் சிதையாமல், மலிவாகாமல் காப்பதற்கு ஏற்பட்ட கட்டு அது. கட்டுக்குள் இருந்தவர்கள் சிலர். வெளியே நின்றவர்கள் ஊர் முழுவதும்.

பதினெட்டாம் முறை, தண்டும் பவித்திரமும் மட்டும் கொண்டு தனியாக வரவேண்டும் என்று நம்பி சொல்லியனுப்பினார். ராமாநுஜர் கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும் அழைத்துக்கொண்டு போனார். இவர்களே என் தண்டும் பவித்திரமும் என்றார். தலைவர் ஒருவர் தம் உதவியாளர்களை இதைவிட உயர்த்திச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. காஞ்சிக்கு அருகே கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராக வாழ்ந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர் ஆழ்வான். நசரத்பேட்டை மருமகன் ஆண்டான்.

யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடு பொருள் கிடைத்தது. மறுநாளே திருக்கோஷ்டியூர்க் கோயிலில் மக்களைக் கூட்டி ராமாநுஜர் அதை உரக்கச் சொல்லிவிட்டார். கோபுரத்தின் மேல் ஏறி எல்லாச் சாதியாருக்கும் சொன்னதாக மக்கள் வழக்கு; கூடியிருந்தவர்கள் யார் என்பதிலும், சொன்னது எந்த மந்திரம் என்பதிலும் பழைய நூல்கள் வேறுபடுகின்றன. நம்பி கொதித்துக் கேட்டார். தாம் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் உய்ந்தார்களே என்று ராமாநுஜர் பதில் சொன்னார். கோபம் அடங்கிய நம்பி, சீடரைத் தழுவி எம்பெருமானார் என்று பெயர் சூட்டினார்.

கட்டை உடைத்தவர் கட்டே வேண்டாம் என்றவரல்ல. பிறகு இன்னொரு உட்பொருளை நம்பி சொன்னபோது ராமாநுஜர் அதைக் காத்து வைத்து, கேட்ட சீடர்களைச் சோதித்தே கொடுத்தார். ஆழ்வான் ஒரு மாதம் உபவாசம் இருந்து பெற்றார். முதலியாண்டானுக்குக் குலத்தாலும் கல்வியாலும் சிறிது கர்வம் இருந்தது. பெரிய நம்பியின் மகள் அத்துழாய்க்குப் புக்ககத்தில் நீர் எடுக்கத் துணையில்லை என்று மாமியார் குறை கூறியபோது, ராமாநுஜர் ஆண்டானைச் சீதன வேலையாளாக அனுப்பினார். அவ்வளவு பெரிய பண்டிதர் தண்ணீர் சுமந்தார், சமையல் செய்தார். அதன் பிறகே உட்பொருள் கிடைத்தது. குலமும் பணமும் கல்வியும் இனித் தகுதியல்ல, அடக்கம் ஒன்றே தகுதி என்று இதற்கு அர்த்தம்.

சாவி கைமாறிய கதை

கோயில் நிர்வாகம் அப்போது பெரிய கோயில் நம்பி என்பவர் கையில் இருந்தது. சாவி அவரிடம். ஊழியர்களிடம் ஒழுங்கு குறைந்திருந்தது. பெருமாளின் உணவு, நகை, நிலம் எல்லாவற்றிலும் கணக்குக் கேட்க ராமாநுஜர் முற்பட்டதும் எதிர்ப்பு மூண்டது.

அவர் நாள்தோறும் ஏழு வீடுகளில் பிச்சை எடுத்து உண்பவர். அந்த வீடுகளில் ஒன்றில் சோற்றில் விஷம் கலக்க ஏற்பாடாயிற்று. கணவன் சொல்லை மீற முடியாத அந்த வீட்டுப் பெண், சோற்றை இட்டுவிட்டு, வழக்கமில்லாத விதத்தில் அவர் காலில் விழுந்து எழுந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ராமாநுஜர் புரிந்துகொண்டார். அந்தச் சோற்றை உண்ணவில்லை. பின் பல நாள் எதையுமே உண்ணவில்லை. திருவரங்கத்து வரலாற்றில் பெயர் இல்லாத அந்தப் பெண்ணைப் போல் செய்தி சொன்னவர்கள் குறைவு.

விஷயம் அறிந்து திருக்கோஷ்டியூர் நம்பி ஓடி வந்தார். காவிரி மணல் கொதிக்கும் நடுப்பகலில் ராமாநுஜர் அவர் காலில் விழுந்தார். எழு என்று நம்பி சொல்லவில்லை. சொல்லாமல் சீடர் எழுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கிடாம்பி ஆச்சான் பொறுக்க முடியாமல், இது என்ன கொடுமை என்று பெரியவரையே கடிந்துகொண்டு, ராமாநுஜரைத் தூக்கித் தம்மேல் சாத்திக்கொண்டார். நம்பி தேடியது இப்படி ஒருவரைத்தான். முறையைவிடத் தலைவரின் உயிரைப் பெரிதாக நினைத்த ஆச்சானே இனி அவருக்கு உணவு சமைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

இவ்வளவு நடந்தும் ராமாநுஜர் அரசனிடம் போய் ஆணை வாங்கி வரவில்லை. பெரிய கோயில் நம்பியின் மனத்தை மாற்றக் கூரத்தாழ்வானை அனுப்பினார். ஆழ்வான் பழகினார், பேசினார், காத்திருந்தார். நம்பியின் தாயார் காலமானபோது பதினோராம் நாள் சடங்கில் உண்ண ஆழ்வானே அமர்ந்தார். உண்டவர் திருப்தி என்று சொன்னால்தான் சடங்கு நிறைவேறும். ஆழ்வான் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டபோது, கோயில் சாவியை உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். சாவி கைமாறியது. சாவியைக் கொடுத்தவரே பின்னாளில் திருவரங்கத்தமுதனார் என்ற பெயரோடு ராமாநுஜர் மீது 108 பாசுரங்களில் நூற்றந்தாதி பாடினார். தோற்றவர் வென்றவரைப் பாடிய இந்த நூலை வைணவர்கள் இன்றும் ஓதுகிறார்கள்.

முதலியாண்டான் ஸ்ரீகாரியம் பார்க்கும் பொறுப்பை ஏற்றார். ஊழியர்கள் ஐந்து கொத்தாக இருந்ததைப் பத்துக் கொத்தாக விரித்து, ஒவ்வொரு கொத்துக்கும் வேலையும் வரிசையும் மரியாதையும் வகுத்ததாகக் கோயிலொழுகு என்னும் திருவரங்கத்து வரலாற்று ஏடு கூறுகிறது. நீர் சுமப்பவர், மாலை தொடுப்பவர், விளக்கேற்றுபவர், பாசுரம் ஓதுபவர் என்று யாருக்கு எந்த வேளையில் எந்தப் பணி என்பதில் ஐயம் இல்லாமல் போயிற்று. பிராமணர் அல்லாதாருக்கும் அந்தக் கொத்துகளில் இடம் இருந்தது. தமிழ்ப் பாசுரங்கள் நித்திய வழிபாட்டின் ஒழுங்கில் நிலைபெற்றன. அதிகாலையில் என்ன ஓதப்படுகிறது என்று கேட்டாலே, இன்று என்ன நாள், அடுத்து என்ன வேலை என்று மடைப்பள்ளியில் இருப்பவருக்கும் தெரியும். ஆலைச் சங்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்திய ஏற்பாடு இது.

எல்லா இடத்திலும் இது பலித்ததா? இல்லை. திருவனந்தபுரத்தில் வழிபாட்டு முறையை மாற்ற அவர் முனைந்தபோது அங்கிருந்த நம்பூதிரிகள் ஒப்பவில்லை. இரவில் தூங்கியவர் விடியும்போது திருக்குறுங்குடியில் இருந்தார், பெருமாளே கொண்டுவந்து விட்டார் என்று பக்தர்கள் சொல்கிறார்கள். திருவரங்கத்தில் ஆண்டுக்கணக்காகப் பேசிப் பழகிச் செய்த காரியம் அது; யாத்திரை வந்த இடத்தில் சில நாளில் செய்ய முயன்றது இது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நின்ற எழுத்தாணி

ஆளவந்தாரின் முதல் ஆசை பாக்கி இருந்தது. பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் செய்த பழைய விருத்தியுரை காஷ்மீரத்தில் இருந்தது. ராமாநுஜரும் ஆழ்வானும் அவ்வளவு தூரம் போய் அதைப் பெற்றார்கள். திரும்பும் வழியில் அங்குள்ள பண்டிதர்கள் தொடர்ந்து வந்து ஏட்டைப் பறித்துக்கொண்டார்கள். ராமாநுஜர் சோர்ந்தார். ஆழ்வானோ, இரவுகளில் குரு உறங்கும்போது அதை முழுவதும் படித்து நெஞ்சில் ஏற்றியிருந்தார்.

திருவரங்கத்தில் ஸ்ரீபாஷ்யம் எழுதத் தொடங்கியபோது ராமாநுஜர் ஒரு நிபந்தனை போட்டார். தாம் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுத வேண்டும். சொல்வதில் ஆழ்வானுக்கு உடன்பாடு இல்லையென்றால் வாதம் செய்ய வேண்டியதில்லை. எழுத்தாணியை நிறுத்திவிட்டால் போதும்.

எத்தனை ஆபீஸ்களில், எத்தனை ஆலைகளில் மேலதிகாரி ஒருவர் தம் குமாஸ்தாவுக்கு இந்த உரிமையைக் கொடுத்திருக்கிறார்? உத்தரவு மேலிருந்து கீழே வருவதற்கு ஆயிரம் வழி உண்டு. கீழிருந்து ஒரு மறுப்பு மேலே போவதற்கு வழி வைத்தவர்கள் மிகச் சிலர். திருப்புட்குழியில் மறுத்துப் பேசியதற்காக உயிர் தப்பி ஓடியவர் ராமாநுஜர். திருவரங்கத்திலும் அப்படி ஒன்று நேர்ந்தது. திருவாய்மொழிப் பாடத்தில் அவர் வேறு பொருள் சொல்லப் போக, ஆளவந்தாரிடம் கேட்டதற்கு மேல் இது என்ன என்று திருமாலையாண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்த பிறகே பாடம் தொடர்ந்தது. இருமுறை பட்டவர், தம்மிடம் எழுதுகிறவனுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு குறி ஏற்படுத்திக் கொடுத்தார்.

ஆனால் மனிதர் மனிதர்தான். ஆன்மாவின் இலக்கணத்தைச் சொல்லும் இடத்தில், அறிவுடைமையை மட்டும் சொல்லி மேலே போனார். ஆன்மா இறைவனுக்கு உரிய பொருள் என்பதை விட்டுவிட்டார். எழுத்தாணி நின்றது. ராமாநுஜர் திரும்பச் சொன்னார். எழுத்தாணி அசையவில்லை. கோபம் மிகுந்து, அப்படியானால் உரையை நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்து போய்விட்டார். காலால் உதைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஆழ்வான் இருந்த இடத்திலேயே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டபோது, உடைமையை என்ன செய்வது என்பது உடையவர் பாடு என்று சொல்லிவிட்டார். சற்று நேரம் சென்று ராமாநுஜர் யோசித்துப் பார்த்தார். ஆழ்வான் நிறுத்தியது சரி. திரும்பி வந்தார், வருந்தினார், திருத்திச் சொன்னார். எழுத்தாணி மறுபடி ஓடியது.

தாமே வைத்த விதி தம்மையே சுட்டபோது அதற்குத் தலைவணங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது, ஆனால் வணங்கினார்.

திருவாய்மொழிக்கு உரை வேண்டும் என்று சீடர்கள் கேட்டபோது ராமாநுஜர் தாமே எழுதவில்லை. தாம் எழுதினால் அதுவே எல்லை என்று ஆகி, பின்னால் வருகிறவர்கள் வாய் மூடிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். திருக்குருகைப்பிரான் பிள்ளானை எழுதச் சொன்னார். ஆறாயிரப்படி என்ற அந்த உரைக்குப் பின் மேலும் நான்கு பெரிய உரைகள் பிறந்தன.

கையெழுத்தும் கண்ணும்

சோழ அரசன் ஒருவன், சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று ஓலையில் எழுதிப் பெரியோர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினான். கிருமிகண்டன் என்றே வைணவர்கள் அவனைக் குறிப்பார்கள். அவன் எந்தக் குலோத்துங்கன் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒற்றுமை இல்லை. ராமாநுஜர் கையெழுத்துப் போட்டால் போதும், மற்றவர்கள் தாமே அடங்குவார்கள் என்று அவனுக்கு யோசனை கூறப்பட்டது. ஸ்தாபனத்தை உடைக்கத் தலைவரின் ஒரு கையெழுத்து போதும் என்பது அரசர்களுக்கு எப்போதும் தெரிந்த வித்தை.

ஆட்கள் வந்தபோது ஆழ்வான் குருவின் காஷாயத்தை உடுத்துக்கொண்டு, நானே ராமாநுஜன் என்று புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பியும் கூடப் போனார். ராமாநுஜர் வெள்ளை உடுத்து மேற்கே வெளியேறினார். சபையில் ஆழ்வான் கையெழுத்திட மறுத்தார், கண்களை இழந்தார். பெரிய நம்பியும் கண்களை இழந்து, திரும்பும் வழியில் உயிர் நீத்தார். அத்தனை ஏடுகளை நெஞ்சில் வைத்திருந்த ஆழ்வானுக்கு இனிப் படிக்கக் கண் இல்லை.

ராமாநுஜர் காடும் மலையும் கடந்து ஹொய்சள நாட்டை அடைந்தார். பிட்டிதேவன் என்னும் விஷ்ணுவர்த்தனன் அவரை ஆதரித்தான். மேல்கோட்டையில் திருநாராயணன் கோயிலை எழுப்பி, அதற்கு உதவிய தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டிக் கோயிலுக்குள் வரும் உரிமையை ஏற்படுத்தினார். ஆண்டில் சில நாட்களே ஆனாலும் அந்தக் காலத்தில் அது பெரும் காரியம். சுமார் 12 ஆண்டுகள் அங்கே கழிந்தன என்பார்கள்.

தலைவர் இல்லாத திருவரங்கத்தில் ஸ்தாபனம் சிதறியதா? ஒரு சம்பவம் சொன்னால் போதும். ராமாநுஜரைச் சேர்ந்தவர்கள் கோயிலுக்குள் வரக்கூடாது என்று ஆணை இருந்தது. கண்ணிழந்த ஆழ்வான் தடவித் தடவி வாசலுக்கு வந்தபோது காவலர்களில் ஒருவன் தடுத்தான். மற்றவன், இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வான் திரும்பி நடந்தார். ராமாநுஜரின் சம்பந்தத்தை விட்டுவிட்டு, நல்லவன் என்ற பெயரில் உள்ளே போக அவருக்கு மனமில்லை. திருமாலிருஞ்சோலைக்குப் போய்க் குடியிருந்தார். பக்கத்தில் தலைவரும் இல்லை, உத்தரவும் இல்லை. கண்காணிக்க ஆளும் இல்லை.

செய்தி அறிந்துவரச் சிறியாண்டான் என்ற சீடரை மேல்கோட்டையிலிருந்து ராமாநுஜர் அனுப்பினார். அவர் போய், பார்த்து, ஆழ்வானின் நிலையையும் பின்னர் அரசன் இறந்ததையும் கொண்டுவந்து சொன்னார். உடையவர் திருவரங்கம் திரும்பினார். குருவும் சீடரும் சந்தித்தபோது ஒருவர் கண்ணில் பார்வை இல்லை. மற்றவர் கண்ணில் நீர் நிற்கவில்லை.

மேல்கோட்டை மக்கள் பிரிய மறுத்தபோது தம் உருவம் ஒன்றைச் செய்து நிறுத்தி, அதைத் தாமாகவே நினைக்கும்படி சொல்லிவிட்டு வந்தார். தமருகந்த திருமேனி என்று அதற்குப் பெயர்.

வார்த்தைகள்

தமக்குப் பின் ஒரே ஒருவரிடம் எல்லாவற்றையும் பூட்டி வைக்க அவர் விரும்பவில்லை. 74 ஆசாரியர்களைச் சிம்மாசனாதிபதிகளாக நியமித்து நாடெங்கும் அனுப்பினார். ஆளவந்தாரும் பங்கிட்டார், இவரும் பங்கிட்டார். ஆனால் அங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதி, இங்கே ஒவ்வொருவரிடமும் முழுவதும். ஒரு கிளை வாடினால் மரம் சாகாது. இந்தப் பீடங்கள் பிற்காலத்தில் தந்தைக்குப் பின் மகன் என்று குடும்பச் சொத்தாக ஆனதையும், வடகலை தென்கலை என்று பிரிந்து எந்தப் பாசுரத்தை யார் முதலில் ஓதுவது என்பதற்காகக் கோர்ட்டு வாசல் ஏறியதையும் மறைக்க வேண்டியதில்லை. சொல்லால் கட்டியது சொல்லாலேயே விரிசல் கண்டது.

ஆசாரியர்கள் அவ்வப்போது சொன்னவற்றை வைணவர்கள் வார்த்தை என்றே அழைத்துத் தொகுத்து வைத்தார்கள். வார்த்தாமாலை என்று ஒரு நூலே உண்டு. ராமாநுஜர் கடைசி நாட்களில் சீடர்களுக்குச் சொன்ன வார்த்தை அவற்றில் பிரசித்தமானது. ஸ்ரீபாஷ்யத்தைப் படித்துப் பிறருக்கும் படிப்பியுங்கள் என்றார். அதற்கு முடியாதவர்கள் ஆழ்வார்களின் பாசுரங்களைப் படித்துப் படிப்பியுங்கள். அதுவும் முடியாதவர்கள் திருத்தலங்களில் தொண்டு செய்யுங்கள். இல்லையென்றால் மேல்கோட்டையில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு இருங்கள். அதுவும் இயலாதவர்கள் மந்திரத்தின் பொருளை நினைத்திருங்கள். எதற்கும் சக்தி இல்லாதவன், இவன் என்னுடையவன் என்று நினைக்கும் ஓர் அடியவரின் நிழலில் ஒதுங்கியிருக்கட்டும் என்றார். உச்சியில் பேரறிஞனுக்கு ஓர் உத்தரவு. அடியில் ஒன்றும் அறியாதவனுக்கும் ஓர் இடம். யாரும் வெளியே இல்லை.

அவருடைய திருமேனி திருவரங்கம் கோயிலுக்குள்ளேயே அமர்ந்த கோலத்தில் இருப்பதாக வைணவர்கள் நம்புகிறார்கள். தானான திருமேனி என்பது அதன் பெயர்.

மூன்றாவது உருவம் பிறந்த ஊருக்கு வந்தது. முதலியாண்டானின் மகன் கந்தாடை ஆண்டான், ஸ்ரீபெரும்புதூரில் வைத்து வணங்க ஓர் உருவம் வேண்டும் என்று கேட்டார். சிற்பி செய்து முடித்ததை ராமாநுஜர் பார்த்தார். மார்போடு தழுவிக் கொடுத்தனுப்பினார். தானுகந்த திருமேனி அது. ஸ்ரீபெரும்புதூரில் சிற்பி கண் திறந்த நேரத்தில், திருவரங்கத்தில் சீடர்கள் நடுவே இருந்தவருக்குத் திடீரென்று உடல் தளர்ந்தது என்றும், இன்று அங்கே கண் திறக்கிறார்கள் போலும் என்று அவரே உணர்ந்து சொன்னார் என்றும் மரபு. யாரும் ஓலை கொண்டுவரவில்லை. அந்தத் தைப்பூச நாளை இன்றும் ஸ்ரீபெரும்புதூரில் குருபுஷ்யம் என்று கொண்டாடுகிறார்கள்.